பீப்பாயில் உருட்டி மெருகேற்றும் தொழில்

தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போவது இன்று நேற்று நடக்கிற காரியமல்ல. பெரும்பாலும் புடவைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும்தான் போகிறார்கள். ஆனால் சிலர் பட்டறைகளுக்கும் போகிறார்கள். பதுளையிலிருந்து வரும் புகையிரதப் பாதை களனி ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் நுழைந்ததும் தெமட்டகொடையைத் தொட்டுக்கொண்டுதான் மருதானைக்குப் போகிறது. தெமட்டகொடையிலே இரயில் என்ஜின்களைப் பராமரிக்கும் பெரிய கொட்டில் இருக்கிறது. பக்கத்தில் பஞ்சிகாவத்தை, மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம். இப்படி இரும்பும் பித்தளையும் புழங்குகிற அந்தச் சுற்றுவட்டாரத்துச் சந்துகளில் சிறு பட்டறைகளும் உண்டு.

புதிதாகப் பட்டறைக்குப் போன பையனிடம் பாஸ் உடனே கடைசல் இயந்திரத்தைக் கொடுக்கமாட்டார். வெல்டிங்கும் கொடுக்கமாட்டார். "அந்த டிரம்மைப் பார்த்துக்கொள்" என்பார். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் என்ன வேலை தம்பி என்று கேட்டால், "சும்மா டிரம் சுத்துற வேலைதான்" என்று பதில் வரும். இந்த இதழில் அந்தச் "சும்மா" வேலையைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம். அது சும்மா வேலையல்ல என்பது நம் எண்ணம். விளங்கிச் செய்தால் அது ஒரு தொழில். விளங்காமல் செய்தால் காதுக்கும் நுரையீரலுக்கும் விரலுக்கும் கேடு.

முதலில், அந்த டிரம் எதற்கு? ஒரு பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து வெட்டினாலும், இரும்பை வார்த்தாலும், கம்பியை அறுத்தாலும் ஓரத்தில் கூரான சிம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிசிறு என்கிறோம். இடுப்புப் பட்டியின் கொக்கியில் பிசிறு இருந்தால் சட்டையைக் கிழிக்கும். குழாய்ப் பூட்டின் உள்ளே இருந்தால் வாஷரை அறுத்துவிடும். ஆகவே பிசிறை எடுத்தே ஆகவேண்டும். அரம் வைத்துக் கையால் எடுக்கலாம்தான். ஒரு கொக்கிக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 1,000 கொக்கிக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணித்தியாலத்துக்கு மேல். ஒரு ஆள் நாலு நாள் குந்தியிருந்து தேய்க்கவேண்டும். அதையே பீப்பாயில் போட்டு உருட்டினால் ஒரு இரவில் முடிந்துவிடும். சிறிய சாமான் ஆயிரக்கணக்கில் செய்கிற இடத்தில் இந்தப் பீப்பாய் இல்லாமல் முடியாது.

இந்த வித்தையை மனிதன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் மலைநாட்டு ஆறுகள் செய்வதைத்தான் பீப்பாய் செய்கிறது. சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஓடைகளில் மேலே கிடக்கும் கல்லைப் பாருங்கள். முனை முனையாக, கையைக் கீறும்படி இருக்கும். அதே நீர் மஸ்கெலியா ஓயாவாகவும் கெஹெல்கமு ஓயாவாகவும் இறங்கிச் சேர்ந்து களனி கங்கையாகிக் கித்துல்கலைக்கு வரும்போது கரையோரக் கல்லெல்லாம் உருண்டை. கொழும்புக்குக் கிட்ட வந்தால் வெறும் மணல். கல்லைத் தேய்த்தது தண்ணீர் மட்டுமல்ல. கல்லோடு கல்லும், கல்லோடு மணலும் உரசியதால் வந்த வினை அது. இரத்தினபுரிப் பக்கம் குழி தோண்டுகிறவர்கள் "இல்லம்" என்று சொல்லும் சரளைப் படையில் கிடைக்கும் மாணிக்கக் கற்கள் பல முனை மழுங்கி இருப்பதும் ஆற்றில் அடிபட்டு வந்ததால்தான். ஆற்றுக்கு ஆயிரக்கணக்கான வருடம் எடுத்தது. பட்டறையில் அதை ஒரு நாளுக்குள் செய்யவேண்டும், அதுவும் சொன்ன அளவுக்கு மட்டும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

பீப்பாயின் அமைப்பு எளிமையானது. படுக்க வைத்த ஒரு டிரம், ஆறு பக்கமோ எட்டுப் பக்கமோ உள்ளது. உள்ளே ரப்பர் ஒட்டியிருக்கும். மோட்டரும் பெல்ட்டும் அதைச் சுற்றும். வட்டமாகச் செய்யாமல் பக்கம் பக்கமாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. வழுவழுப்பான வட்டத்துக்குள் சரக்கு வழுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். பக்கங்கள் இருந்தால் அது சரக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். ஓர் அளவுக்கு மேலே போனதும் சரக்கின் மேல்படை சரிந்து கீழே ஓடிவரும். அந்தச் சரிவில்தான் தேய்ப்பு நடக்கிறது. அடியில் கிடக்கிற சரக்கு சும்மா சவாரி செய்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாச் சாமானும் மேலே வந்து சரிந்து போக வேண்டியிருப்பதால்தான் இந்த வேலைக்கு 6 மணித்தியாலம், 12 மணித்தியாலம், சில வேளை ஒரு நாள் முழுக்க என்று எடுக்கிறது.

அப்படியானால் வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். புதுப் பையன்கள் எல்லோருக்கும் தோன்றும். இது தப்பு. கயிற்றில் கட்டிய வாளியில் தண்ணீரை வைத்துத் தலைக்கு மேலே வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் கொட்டுவதில்லை அல்லவா? அதுபோல பீப்பாயை மிஞ்சிய வேகத்தில் விட்டால் சரக்கு முழுவதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். சரிவு இல்லை, உரசல் இல்லை, மின்சாரச் செலவு மட்டும் உண்டு. 20 அங்குல விட்டமுள்ள பீப்பாய்க்கு அந்த எல்லை நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 சுற்று. 4 அடி விட்டமுள்ளதற்கு 38 சுற்றுத்தான். பீப்பாய் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். வழக்கமாக இந்த எல்லையின் பாதி அளவில், அல்லது அதற்கும் கீழே ஓட்டுவார்கள். வேகம் எல்லையை நெருங்கினால் இன்னொரு கெடுதலும் நடக்கும். சரக்கு சரியாமல் உயரத்திலிருந்து எகிறி விழும். விழுந்த சாமான் ஒன்றையொன்று இடித்துக் குழி விழுத்தும். பிசிறு எடுக்கப்போய் சாமானையே நாசமாக்கின கதை.

சரி, உள்ளே என்னென்ன போடுவது? சாமானை மட்டும் போட்டு உருட்டுவதும் உண்டு. தீக்குச்சி அப்படித்தான். 1922இல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து அந்த ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தார்கள். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையை அடுத்த ஊர் அது. தீக்குச்சி செய்யுமிடங்களில் வெட்டி உலர்த்திய குச்சிகளை டிரம்மில் உருட்டுவார்கள். குச்சியோடு குச்சி உரசி நாரெல்லாம் உதிர்ந்து வழுவழுப்பாகிவிடும். அங்கே வேறொன்றும் தேவையில்லை.

உலோகச் சாமானுக்கு அப்படிச் சரிவராது. ஒன்றோடொன்று மோதிக் காயப்படும். ஆகவே இடையில் தேய்ப்புக் கல் போடுவார்கள். சுட்ட களிமண்ணில் அரப்பொடி கலந்து முக்கோணமாகவும் உருளையாகவும் செய்த சிறு துண்டுகள் அவை. மென்மையான உலோகத்துக்குப் பிளாஸ்டிக் கூம்பு. வெட்டு வேண்டாம், மினுக்கம் மட்டும் போதும் என்றால் இரும்புக் குண்டு. கடைசியில் ஈரம் துடைக்க மரத்தூள் அல்லது சோளப் பொத்தித் தூள். பொதுவாகச் சாமான் ஒரு பங்கு என்றால் கல் மூன்று பங்கு. மெல்லிய, விலை கூடிய சாமான் என்றால் கல்லை ஐந்து, எட்டுப் பங்கு வரைக்கும் கூட்டுவார்கள். அப்போது சாமானும் சாமானும் சந்திப்பது குறையும். பீப்பாயைப் பாதிக்குச் சற்று மேலே நிரப்பவேண்டும். குறைத்துப் போட்டால் சரக்கு விழுந்து அடிபடும். நிறைத்துப் போட்டால் சரிய இடமில்லை. கல்லின் அளவையும் பார்க்கவேண்டும். சாமானில் ஓட்டை இருந்தால் கல் அந்த ஓட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தண்ணீரும் சவர்க்காரமும் சேரும். சவர்க்காரம் வெறும் அழுக்குக்காக அல்ல. உரசி வந்த உலோகத் தூளைத் தண்ணீரில் மிதக்க வைத்து, மறுபடி சாமானில் ஒட்டாமல் தடுப்பது அதுதான். தண்ணீர் குறைந்தால் வெட்டு கடுமையாகும். கூடினால் வேலை மெதுவாகும், மினுக்கம் நன்றாக வரும்.

பேக்டரியில் வேலை செய்கிற நம் தோழர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வந்திருக்கும். "அட, இது நம்ம ரோலர் மாதிரித்தானே!" மாதிரிதான். வாட்டின கொழுந்தை ரோலரில் போட்டு, எவ்வளவு சரக்கு, எவ்வளவு அமுக்கம், எத்தனை நிமிடம் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். கூடினாலும் குறைந்தாலும் தேயிலை கெடும். இன்னும் பொருத்தமான உதாரணம் சலிப்பு அறையில் உண்டு. தேயிலையைத் தேவைக்கு மேலே சலித்துச் சலித்து உரசினால் அந்தக் கறுப்பு மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். ஏலத்தில் விலை இறங்கும். பீப்பாய் வேலையும் அப்படியே. ஒரு கட்டம் வரைக்கும் மெருகு ஏறும். அதைத் தாண்டினால் முனைகள் மழுங்கி, எழுத்துப் பொறித்த இடம் அழிந்து, அளவு குறைந்துபோகும். எப்போது நிறுத்துவது என்று அறிந்தவன்தான் தொழில்காரன். இதற்குக் கடிகாரம் மட்டும் போதாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை டிரம்மை நிறுத்தி, ஒரு சாமானை எடுத்துக் கழுவி, நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றையும் இதில் போடவும் முடியாது. கவ்வாத்துக் கத்தியைப் போட்டால் வெளியே வருவது வெண்ணெய் தடவத்தான் உதவும். மரை வெட்டிய ஆணியைக் கவனமில்லாமல் போட்டால் மரை தேயும். மெல்லிய தகடுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுப்பக்கம் தேயாமலே வரும்.

கல் மெருகிடுகிறவர்களும் இதே பீப்பாயைச் சிறிய அளவில் வைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த நீலக்கல்லை யாரும் அதில் போடமாட்டார்கள், எடை குறைந்துவிடும். விலை குறைந்த கற்களுக்குத்தான் அது. அங்கே இரண்டு பாடம் படிக்கலாம். ஒன்று, கடினமும் மென்மையும் கலக்கக்கூடாது. மீட்டியாகொடையில் எடுக்கும் சந்திரகாந்தக் கல்லைப் படிகக் கல்லோடு சேர்த்து உருட்டினால் மென்மையான சந்திரகாந்தம் கீறல் விழுந்து போகும். மற்றது, கட்டம் கட்டமாகத்தான் போகவேண்டும். முதலில் பரும் அரப்பொடி, பிறகு நடுத்தரம், பிறகு நைஸ், கடைசியில் மெருகுப் பொடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை என்று ஏறத்தாழ ஒரு மாதம் டிரம் ஓடும். கட்டம் மாறும்போது கல்லையும் பீப்பாயையும் மூடியையும் நன்றாகக் கழுவ வேண்டும். பரும்பொடி ஒரு சிட்டிகை மிஞ்சினாலும் கடைசி மெருகில் கோடு கோடாக விழுந்து ஒரு மாத உழைப்பு வீண். கழுவுகிற வேலையைக் கீழான வேலை என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

நாம் தினமும் தொடுகிற சாமானில் எவ்வளவோ இப்படி உருண்டு வந்தவை. நாணயச் சாலைகளில் முத்திரை குத்துவதற்கு முன் வெறும் வில்லைகளை உருட்டிச் சுத்தம் செய்வது வழக்கம். நம் பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற சட்டைப் பொத்தான்களும் பீப்பாயில் உருண்டு மெருகேறியவைதான். இப்போது பெரிய தொழிற்சாலைகளில் சுற்றும் பீப்பாய்க்குப் பதிலாக அதிரும் தொட்டி வந்துவிட்டது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேலே அதிர்வதால் உள்ளிருக்கும் சரக்கு முழுவதும் ஒரே நேரத்தில் உரசும். பீப்பாயில் பல மணித்தியாலம் எடுப்பது இதில் சீக்கிரம் முடியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாமானை எடுத்துப் பார்க்கவும் வசதி. விலைதான் கூட. அதனால் சிறு பட்டறைகளில் பழைய டிரம்மே போதும் என்று இருக்கிறார்கள்.

தையல் ஊசியின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊர் ஊசிக்குப் பேர்போனது. அங்கே 1730 அளவில் ஒரு பழைய ஆலையை ஊசி துலக்கும் ஆலையாக மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான ஊசிகளைச் சவர்க்காரத்தோடும் அரப்பொடியோடும் துணியில் சுருட்டிக் கட்டி, கனத்த பலகைக்கு அடியில் வைத்து, நீர்ச் சக்கரத்தின் பலத்தால் முன்னும் பின்னும் நாட்கணக்கில் உருட்டினார்கள். அவிழ்த்துக் கழுவி, மறுபடி கட்டி மறுபடி உருட்டினார்கள். ஊசி பளபளவென்று வந்தது. அந்த வேலை ஈரமான வேலை, ஆளுக்கு அவ்வளவு கேடில்லை. ஆனால் அதே ஊரில் ஊசிக்கு முனை தீட்டுகிறவர்கள் உலர்ந்த கல்லில் தீட்டினார்கள். கல்லுத் தூசியும் இரும்புத் தூசியும் நெஞ்சுக்குள் போய், நாற்பது வயதைக் காணாமலே பலர் செத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறி வந்தபோது அதை எதிர்த்தவர்களும் அந்தத் தொழிலாளர்களே. ஆபத்தான வேலை என்பதால்தான் கூலி கூடக் கிடைக்கிறது, ஆபத்தைக் குறைத்தால் கூலியையும் குறைப்பார்கள் என்று பயந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பசி அப்படி யோசிக்க வைக்கும்.

அந்தத் தூசி நம் பட்டறைகளிலும் உண்டு. மணல் அச்சில் வார்த்த இரும்பை, ஒட்டிய மணல் உதிரட்டும் என்று உலர்ந்தபடியே டிரம்மில் உருட்டுகிற வழக்கம் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் எழும் புகை போன்ற தூசியில் கண்ணுக்குத் தெரிகிறது அல்ல ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மணல் தூள்தான் நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் தழும்பு விழுத்துகிறது. அந்த நோய் பல வருடம் கழித்துத்தான் மூச்சிளைப்பாகத் தலைகாட்டும். காட்டிய பிறகு அதைக் குணமாக்க மருந்தில்லை. வாயில் லேஞ்சியைக் கட்டினால் அந்தத் தூள் நிற்காது. அதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். ஈரமாக உருட்டுவது அதைவிட நல்லது. திறப்பதற்கு முன் டிரம்மை நிறுத்தித் தூசி அடங்கவிடுவது செலவில்லாத காரியம்.

அடுத்தது சத்தம். ஒரு கை தூரத்தில் நிற்கிறவரோடு பேசக் கத்தவேண்டியிருந்தால், அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கத் தகாத சத்தம். காது வலிக்காமலே கேட்கும் சக்தி போய்விடும். டிரம்மைப் பலகைப் பெட்டிக்குள் மூடி வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பஞ்சை அடைப்பது போதாது, காதடைப்பான் கேட்டு வாங்கவேண்டும்.

டிரம் மெதுவாகச் சுற்றுகிறதே, என்ன செய்யும் என்ற நினைப்பு வேறு. மெதுவாகச் சுற்றுவதால்தான் பயமில்லாமல் கிட்டப் போகிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ சரக்கோடு சுற்றுகிற டிரம் சட்டைக் கையைப் பிடித்தால் விடாது. பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் தடுப்பு இருக்கவேண்டும். கையை உள்ளே விடுவதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தெரியாத ஒருவர் வந்து போட்டுவிடக்கூடும். மெயினை இறக்கி, டிரம் திரும்பாமல் கட்டையை முட்டுக் கொடுத்த பிறகே கையை விடவேண்டும்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. அலுமினியம், நாகம் போன்ற சாமான்களைக் காரமான சவர்க்காரத் தண்ணீரில் மூடி உருட்டினால் உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும். இறுக மூடிய டிரம்மில் அது அடைபட்டு, மூடியைத் தளர்த்தும்போது அடித்துக்கொண்டு வரும். கிட்ட ஒரு பீடி எரிந்தால் போதும். ஆகவே காற்றுப் போகும் துளையுள்ள மூடியாக இருக்கவேண்டும். திருகாணியை ஒரேயடியாகக் கழற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். கழிவுச் சேற்றையும் தெமட்டகொடைக் கால்வாயில் ஊற்றிவிடக் கூடாது. தொட்டியில் விட்டால் உலோகத் தூள் அடியில் படியும், தெளிந்ததை வேறாக்கலாம்.

இயந்திரங்களுக்குத் தடுப்புப் போடவேண்டும் என்பது முதலாளியின் தயவல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதைக் கடமையாக்கியிருக்கிறது. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பணத்தில் 12 வீதமும் கட்டவேண்டும் என்பது 1958 முதல் உள்ள சட்டத்தின் கீழ் வருவது. 2021இல் செய்த திருத்தத்தின்படி 16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. ஆபத்தான வேலைக்கு 18 வயது ஆகவேண்டும். முறைப்பாடு இருந்தால் தெமட்டகொடையிலிருந்து தெற்கே பொரளையைத் தாண்டி நாரஹேன்பிட்டிக்குப் போனால் தொழில் திணைக்களத்தின் தலைமைச் செயலகம் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பெற்றோர் ஒரு சிறு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் என்ன சாமான், எத்தனை கிலோ, எந்தக் கல், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணித்தியாலம், சாமான் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதட்டும். ஆறு மாதம் எழுதினால், பாஸுக்கே சந்தேகம் வரும்போது அந்தக் கொப்பியைத்தான் கேட்பார். பிறகு தொழிற்பயிற்சி அதிகார சபை, அல்லது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மூலம் என்.வி.கியூ. சான்றிதழுக்கு முயலும்போது, செய்த வேலைக்கு அத்தாட்சியாக அதையும் கொண்டுபோய்க் காட்டலாம். கொப்பியின் முதல் பக்கத்தில் வேலையில் சேர்ந்த திகதியையும் சம்பளத் தொகையையும் சேமலாப நிதி இலக்கத்தையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.